மௌன அஞ்சலியில் ஒரு விசில்

"சார், அந்த விசில் சத்தம் இன்னும் நிக்கலையே. உங்களுக்குக் கேக்குதுல்ல?" என்றார் அரங்கத்து மேனேஜரம்மா.

"கேக்காம என்னம்மா? அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்," என்றார் சவுண்ட்காரர்.

அவருக்கு ஒரு விசிலும் கேட்கவில்லை.

மணி நாலு. ஐந்து மணிக்கு அங்கே ஓர் ஆலை முதலாளியின் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டம். பேண்டு நிதானமாக மூன்று பாட்டு வாசிக்க வேண்டும். நடுவில் எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆட்டம் கிடையாது, கைதட்டல் கிடையாது. "இருபத்திரண்டு வருஷத்துல இவ்வளவு சுலபமான வேலை வந்ததில்ல" என்று பேண்டு லீடர் காலையில்தான் சொல்லியிருந்தார். சுலபம் என்று வாய்விட்டுச் சொன்ன வேலை எது சுலபமாக முடிந்திருக்கிறது?

சவுண்ட்காரர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் மேடையில் இருக்கும் நால்வரும் மூச்சுக்கூட விடமாட்டார்கள். பேண்டில் அவருக்குப் பாம்புச்செவி என்றுதான் பெயர். திரைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கரில் ஒயர் தளர்ந்திருப்பதைக் கடைசி வரிசையில் நின்றபடி சொன்னவர் அவர். அது பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. பெயர் நிலைத்துவிட்டது, காதுதான் நிலைக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவர் மனைவி சமையலறையிலேயே பிடித்துக்கொண்டாள். "பிரிட்ஜ் கதவை மூடச் சொல்லி அது கத்திக்கிட்டே கிடக்குது. நீங்க பக்கத்துல நின்னு தண்ணி குடிக்கிறீங்க. ஊருக்கெல்லாம் காது, வீட்டுக்கு மட்டும் செவிடா?"

"ஏதோ யோசனை," என்று சமாளித்தார். ஆனால் அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தார். பேச்சு கேட்டது, பாட்டு கேட்டது, லாரி கேட்டது. மெல்லிய, உயரமான சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தன. ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவி வாயைத் திறந்து திறந்து மூடியது; சத்தம் மட்டும் வரவில்லை.

யாரிடம் சொல்வது? போன வருஷம் டிரம்பெட் வாசித்தவருக்கு முன்பல் இரண்டும் விழுந்தன. பேண்டு அவருக்குப் பாராட்டு விழா நடத்தியது. சால்வை போட்டார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், மறுநாளிலிருந்து கூப்பிடவில்லை. அதன்பிறகு பாராட்டு விழா என்ற பேச்சை எடுத்தாலே சவுண்ட்காரர் எழுந்து போய்விடுவார். பல் போனவருக்கே அந்தக் கதி என்றால், காது போன சவுண்ட்காரரை என்ன செய்வார்கள்? வேலை போவது ஒரு பக்கம். இந்த நால்வரை விட்டால் அவருக்கு உட்காருவதற்கு வேறு இடம் கிடையாது.

மைக், தன் சத்தத்தையே ஸ்பீக்கரிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டால் விசில் பிறக்கும். எந்த மைக் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் கண்டுபிடிக்கக் காது வேண்டும். அவர் கண்ணைத் திறந்தார். காது இல்லாத இடத்தில் தந்திரம் இருக்க வேண்டும்.

"விசில் எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும்," என்றார் வாத்தியார் குரலில். "உங்கள்ல யாரு சரியாச் சொல்றீங்கன்னு பார்ப்போம்."

மேடையில் நால்வரும் விறைத்து நின்றார்கள். பாட்டும் பாடி பேண்டையும் நடத்துகிற லீடர் ஒரு முறை கனைத்துக்கொண்டார்.

"கிடார் பக்கம்தான்யா. வேற எங்க?"

சவுண்ட்காரர் ஒரு புன்னகையோடு கிடார் மைக்கைக் குறைத்தார். "இப்ப போச்சா?"

லீடர் கிடார்காரரைப் பார்த்தார். கிடார்காரர் கீபோர்டு அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா டிரம்ஸ்காரரைப் பார்த்தார். பிறகு நால்வரும் ஒரே குரலில், "போச்சு!" என்றார்கள். ஒத்திகையில்கூட அவர்கள் இப்படிச் சேர்ந்து ஒலித்ததில்லை.

"போகல சார், கூடியிருக்கு," என்றார் மேனேஜரம்மா பின்னாலிருந்து.

கிடார்காரர் சவுண்ட்காரருக்குச் சொந்த மைத்துனர், மனைவியின் தம்பி. அவர் சுறுசுறுப்பாக முன்னால் வந்தார். "மாமா, என் மேல பழி போடாதீங்க. கீபோர்டு கிட்ட இருக்கிற மானிட்டர்தான் கத்துது."

மானிட்டர் என்பது வாசிக்கிறவர்கள் தங்கள் சத்தத்தைக் கேட்பதற்காக அவர்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர். சவுண்ட்காரர் மேடையேறி அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"சார்," என்றார் மேனேஜரம்மா, காதில் ஒரு விரலை வைத்துக்கொண்டு. "இப்ப ரெண்டு விசில் கேக்குது."

"ரெண்டாவது டிரம்ஸ் மேல தொங்குற மைக்குண்ணா," என்றார் கீபோர்டு அம்மா உடனே. "நான் அப்பவே சொல்லணும்னு நினைச்சேன்."

சவுண்ட்காரர் டிரம்ஸ் மைக்கைத் தள்ளி வைத்தார். தள்ளி வைத்த இடம் பெரிய ஸ்பீக்கருக்கு நேர் எதிரே இருந்தது. டிரம்ஸ்காரர் கையில் இருந்த குச்சியால் லீடரைக் காட்டினார்.

"அண்ணே, என் பக்கம் சுத்தம். லீடர் மைக்தான் விஷமம் பண்ணுது."

"என் மைக்கா?" என்றார் லீடர். "என் மைக்கை ஏன்யா இழுக்கிற?"

"நீங்க கிடாரை இழுத்தப்போ நாங்க ஏதாவது கேட்டமா?" என்றார் கிடார்காரர்.

சவுண்ட்காரர் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். நான்கு பேர், நான்கு திசை. அவர்களை அவர் சந்தேகப்படவில்லை, பாவம். நால்வருக்கும் நல்ல காது. ஆளுக்கொரு விசில் கேட்கிறது என்றால் நான்கு விசில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நான்கில் ஒன்றுகூடத் தன் காதில் விழவில்லையே!

மணி நாலே முக்கால். வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம். அது மட்டும் நன்றாகவே கேட்டது. மேனேஜரம்மா முதலாளியின் மனைவியை வரவேற்க ஓடினார். ஓடும்போதே திரும்பி, "எப்படியாவது நிறுத்திடுங்க சார், ப்ளீஸ்," என்றார்.

கடைசி ஆயுதம் ஈக்வலைசர். முப்பத்தொரு கைப்பிடிகள், ஒவ்வொன்றும் ஒரு வகைச் சத்தத்துக்கு. சரியான ஒன்றை இறக்கினால் விசில் செத்துவிடும். எது சரியானது என்று தெரியாதவர் எல்லாவற்றையும் இறக்க வேண்டியதுதான். வலது கோடியில், விசில் மாதிரி உயரமான சத்தங்களுக்கென்று இருந்த பத்துக் கைப்பிடிகளையும் ஒரேயடியாக அடிமட்டத்துக்கு இழுத்தார்.

லீடர் மைக்கில், "வணக்கம், வணக்கம்," என்றார். போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. "யோவ், எனக்கே என் குரல் தெளிவா இல்ல. நாலு பேரு கேக்க வேண்டாமா?"

சவுண்ட்காரர் பத்தையும் திரும்ப ஏற்றினார். அவசரத்தில் முன்பு இருந்ததைவிட அதிகமாக ஏறிவிட்டது. போதாததற்கு மொத்தச் சத்தத்தையும் ஒரு படி கூட்டினார்.

"இப்ப எப்படி?"

"கண்ணாடி மாதிரி இருக்கு!" என்றார்கள் நால்வரும்.

முதல் பாட்டு குறையில்லாமல் போனது. வாத்தியச் சத்தத்துக்குள் எந்த விசிலும் ஒளிந்துகொள்ளும். முதலாளியின் மகன் அப்பாவைப் பற்றி உரத்த குரலில் பேசினான். பிறகு லீடர், "அய்யாவோட நினைவா எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்," என்று சொல்லித் தலையைக் குனிந்தார்.

இருநூறு பேர் எழுந்து நின்றார்கள். மைக்குகள் எல்லாம் திறந்தே இருந்தன.

சவுண்ட்காரரும் எழுந்து நின்றார். அப்படி ஒரு அமைதியை அவர் எந்த அரங்கத்திலும் அனுபவித்ததில்லை. மெல்லத் தலையை உயர்த்திக் கூட்டத்தைப் பார்த்தார். என்ன துக்கம்! முன்வரிசையில் ஒரு பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வரிசையில் ஒருவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பெண் கைக்குட்டையால் காதோடு சேர்த்து முகத்தை மூடிக்கொண்டாள். முதலாளியின் மனைவியின் கண்ணிலிருந்து தாரைதாரையாகத் தண்ணீர் வழிந்தது. செத்தும் இப்படி மனிதர்களை உலுக்குகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்திருக்க வேண்டும்! சவுண்ட்காரருக்கும் கண் கலங்கியது. மேடையில் நால்வரும் அசையாமல், சாந்தமாக நின்றார்கள்.

லீடர் நல்ல மனிதர். மரியாதைக்காகக் கூடுதலாக அரை நிமிடம் கொடுத்தார்.

கூட்டம் முடிந்ததும் மேனேஜரம்மா புயலாக வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ஒண்ணரை நிமிஷம் சார்! காதுக்குள்ள ஊசியை விட்ட மாதிரி! அந்தம்மா தலைவலி தாங்காம, ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாங்க. புருஷன் நினைவுக் கூட்டத்துல அவங்க பேச வேண்டியதே பேசல. தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னேனே, செவிடன் காதுல ஊதின சங்கா நான் பேசினது?"

சவுண்ட்காரர் வாயைத் திறந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தார். அதற்குள் லீடர் மேடையிலிருந்து இறங்கிக் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"அவரைப் பத்திப் பேசாதீங்கம்மா. என்னை என்ன வேணா சொல்லுங்க. இவரு காதுல விழாத சத்தம்னு ஒண்ணு உலகத்துல கிடையாது."

"அப்ப இருநூறு பேரும் பொய் சொல்றோமா?"

"விசிலே இல்லம்மா," என்றார் கிடார்காரர். "இருந்திருந்தா மாமா விட்டுருப்பாரா?"

"எங்கண்ணாவுக்குக் கேக்கலைன்னா அது சத்தமே இல்ல," என்றார் கீபோர்டு அம்மா. அவர் குரல் தழுதழுத்தது. டிரம்ஸ்காரர் சவுண்ட்காரரின் தோளில் கை வைத்தார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்த நம்பிக்கையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒரு விதவையைப் பேசவிடாமல் அனுப்பியது தன் காது. அதை மூடி மறைக்க நான்கு நல்லவர்கள் ஊரைப் பொய்யராக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒயர்களைச் சுருட்டும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை.

"நாளைக்கே போய்க் காதைக் காட்டுங்க. என் தம்பிகிட்ட நான் பக்குவமாச் சொல்றேன்."

"வேண்டாம்! அவனுக்குத் தெரிஞ்சா லீடருக்குத் தெரியும். லீடருக்குத் தெரிஞ்சா சால்வை வாங்கிடுவாரு."

"அப்போ அவங்களுக்குத் தெரியாமலே மெஷின் மாட்டிக்குங்க. இப்பல்லாம் கண்ணுக்கே தெரியாத மாதிரி வருதாம்."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, நான்கு தெரு தள்ளி ஒரு மாடியில் இருந்த காது டாக்டரிடம் போனார். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் ஒரு படிவத்தை எடுத்தாள்.

"என்ன வேலை பாக்கறீங்க சார்?"

சவுண்ட்காரர் என்று சொல்ல நா எழவில்லை. காது கேட்காத சவுண்ட்காரர் என்று அந்தப் பெண்கூடச் சிரித்துவிடுவாள்.

"பேண்டுல... வாசிக்கிறேன்மா."

"எந்த பேண்டு சார்?"

பேரைச் சொன்னார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவருக்கு வியர்த்துவிட்டது. மேஜையின் மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"நான் இங்க வந்தது எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சா என் கதை முடிஞ்சிரும்மா. யாருகிட்டயும் சொல்லிடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் அவர் பக்கம் சாய்ந்து, ஆறுதலாகச் சொன்னாள்:

"பயப்படாதீங்க சார், உங்க பேண்டுல மத்த நாலு பேரும் ஆறு மாசமா ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம இங்கதான் காது பாத்துக்கறாங்க, உங்க சவுண்ட்காரருக்கு மட்டும் எதுவும் தெரியக்கூடாதுன்னு ஆளாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருக்காங்க!"