வளையும் கருவிக்காக இருவர் பொருத படலம்

வாழ்க லாரி வேந்தன்! மலைப்பாதை வளைவுகளை ஒற்றைக் கையால் ஒடித்தவன், பிரேக் பிடிக்காத இறக்கத்திலும் பீடி அணையாமல் வந்தவன், ஊசி என்றால் எறும்புக்கடி என்று உறவினர் அவையில் முழங்கியவன், அவன் புகழ் ஓங்குக! முதுகுப்பக்கம் திறந்த பச்சை அங்கியோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் அவன் வீற்றிருந்த கோலத்தைப் பாட, நாவே, நீயேனும் நடுங்காதிரு!

சிறுநீரகக் கல்லெனும் கொடும்பகையைப் பொடியாக்கிய மருத்துவர், வழி அடைத்துவிடாதிருக்க, ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாயை அவனுள்ளே காவல் வைத்திருந்தார். அக்காவலனை வெளியேற்றும் நாள் இது. அதே நோய்க்கு, அதே பச்சை அங்கியில், அதே பெஞ்சின் மறுமுனையில் அமர்ந்திருந்தான் அவன் மனைவியின் தம்பி. கத்தரிக்கோல் கையன், சலூன் அதிபன், ஒரு தலையை முடிப்பதற்குள் ஊர்ச்செய்தி அனைத்தும் ஒப்பிக்கும் நாவினன். இவன் கண்முன் அஞ்சினால் நாளையே தெரு சிரிக்கும் என்பதே வேந்தனின் பெருந்துயர்.

அவ்வேளை, கட்டியங்காரியென வெளிவந்த நர்ஸ், தட்டை முன்வைத்து மொழிந்தாள்: “கம்பி மாதிரி நேரா இருக்கிறது ஒண்ணு, வளைஞ்சு குடுக்கிறது ஒண்ணு. ஒண்ணுக்குப் போற வழியா விட்டு, ரெண்டுலயும் குழாய எடுத்துடலாம். வளையிறதுல வலி கொஞ்சம் கம்மி. ஆனா இன்னைக்கு அது ஒருத்தருக்குத்தான் ரெடி. யாருக்கு எது?”

“காந்தம் வெச்சு இழுக்கிறது இருக்காமே?” என்றான் வேந்தன்.

“அதுக்கு உள்ள இருக்கிற குழாய்லயும் காந்தம் வேணும் சார். உங்களுதுல இல்ல.”

ஒன்றோ, எஃகொளி வீசி, ஈவிரக்கமற்று, படைத்தலைவன் கைவேலென விறைத்துக் கிடந்தது. மற்றதோ, கருங்கொடியென நெளிந்து, நுனியில் சிறுவிளக்கேந்தி, பணிவே வடிவாகச் சுருண்டிருந்தது. வேந்தன் நெஞ்சம் கருங்கொடியிடம் பாய்ந்தோட, துரோகி வாயோ இவ்வாறு முழங்கிற்று: “மாப்ள, நீ சின்னவன். நெளியிறத நீ எடுத்துக்க. நமக்கெல்லாம் கம்பிதான்.”

மைத்துனன் மரியாதைக்கேனும் மறுப்பான் என்று காத்திருந்தான்.

“சரி மாமா.”

அந்தோ! உச்சந்தலையில் இடி இறங்கிய வேந்தன், உடனே சொல்லம்பைத் திருப்பி எய்தான்: “இல்ல மாப்ள, உனக்கு இளரத்தம். கம்பி உனக்குத்தான் தோதுப்படும்.”

“நீங்க மொதல்ல சொன்னதுதான் சொன்னது மாமா. உங்களுக்கு எதுவும் தாங்கும்னு அக்காகூட சொல்லிச்சு.”

மூண்டது போர். ஒரு கை அங்கியின் பின்புறத்தைப் பொத்தியாக வேண்டிய தர்மசங்கடத்தால், மல்யுத்த மரபனைத்தும் துறந்து, மதயானை இரண்டு தோளோடு தோள் மோதியதென முந்தியவனுக்கே கருங்கொடி என்று இருவரும் கதவை நோக்கி இடித்து நெருக்க, பெஞ்சு கிறீச்சிட, நர்ஸ் சீற, உள்ளிருந்து மருத்துவரின் தீர்ப்பு வராந்தா அதிர ஒலித்தது:

“அந்த வயசானவருக்கு பிராஸ்டேட் சுரப்பி வீங்கி வழிய நெருக்குது. வளையிறத அவருக்குப் போடுங்க!”

வென்றான் வேந்தன். ஆயினும் ‘வயசானவர்’ என்ற சொல் கேட்டு மைத்துனன் முகம் மலர்ந்ததைக் கண்டபடியே உள்ளே போனான். படுத்தான். பல்லைக் கடித்தான். மரத்துப்போவதற்கான குளிர்ந்த ஜெல்லி பட்டதுதான் தாமதம், மலைகள் எதிரொலிக்கும் ஹாரனென அலறினான்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார்,” என்றாள் நர்ஸ்.

வெளியே இருந்தவனுக்கு இது தெரியாதே! மெல்லியதற்கே மாமன் இப்படிப் பிளிறினால் எஃகு என்ன செய்யுமோ என்று, அங்கியைப் பொத்தவும் மறந்து, வராந்தா நெடுக ஓடினான் கத்தரிக்கோல் கையன். மருந்துக்கடை வரிசை மொத்தமும் அவன் பின்னழகு கண்டு திகைத்தது. வாட்ச்மேன் பிடித்து வந்தார். வேந்தனுக்கு வேலை முடிந்திருந்தது. மைத்துனனுக்கும் எஃகு நொடியில் முடித்துவிட்டது.

எதிரெதிரே நின்று இருவரும் பச்சை அங்கியைக் களைந்து வேட்டி சட்டைக்கு மாறினர்.

“ஓடினத நான் பாக்கல மாப்ள,” என்றான் வேந்தன்.

“எனக்கும் ஒண்ணும் கேக்கல மாமா.”

பிறகு இருவரும் ஒன்றுக்குப் போய்விட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.