கழுத்தில் போகாத அழுக்கு

என் மேல் கோபம் என்றும் குறையாத அன்பு அக்காவுக்கு,

நீ கடைசியாகப் பார்த்ததைவிட இரண்டு கிலோ இளைத்துப்போன உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி, மாடி வீட்டுப் பூனை உட்பட எல்லோரும் சௌக்கியம். அங்கே உன் முழங்காலும் அத்தானின் முன்கோபமும் எப்படி இருக்கின்றன என்று தெரிவிக்கவும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் நீ ஒன்பது வாக்கியம் திட்டிவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. விஷயம் இதுதான். "டேய், சர்க்கரை டெஸ்ட் எடுத்தியாடா?" என்று நீ கேட்கும்போதெல்லாம், "எடுத்தாச்சுக்கா, பிரமாதமா இருக்காம்" என்று சொன்னேனே, அது பொய். மூன்று வருஷமாக எடுக்கவே இல்லை. அப்பாவுக்குக் கால் கட்டைவிரலை எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீயும் நானும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்திருந்தோமே, அன்று பிடித்த பயம். ஊசி குத்தினால் பரவாயில்லை. அதற்கப்புறம் ஒரு காகிதம் நீட்டுவார்களே, அதுதான் எனக்கு ஆகாது. திட்டி முடித்துவிட்டு மேலே படி. முடிவு நல்ல முடிவுதான்.

என் வேலை உனக்குத் தெரியும். டப்பா, புட்டி, பெட்டி மேல் ஒட்டும் லேபிள்களை அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துகிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: எதையும் கடைசி வார்த்தையில் ஆரம்பித்துப் பின்னாலிருந்துதான் படிப்போம். முன்னாலிருந்து படித்தால் மனசு அர்த்தத்தோடு ஓடிவிடும், பிழை தப்பித்துவிடும். இருபத்திரண்டு வருஷம் இப்படிப் படித்ததில் எழுத்தெல்லாம் என் கண்ணோடு நின்றுவிடுகிறது, மூளைக்குப் போவதில்லை. வீட்டுக்காரி கொடுத்த சாமான் சீட்டில் மூன்று பிழை திருத்திவிட்டு, ஒரு சாமானும் வாங்காமல் பெருமையோடு திரும்பி வந்தவன் நான். (தொண்டைக்கு ஒரு மூலிகை வில்லையை வாயில் போட்டுக்கொண்டு தொடர்கிறேன்.)

போன வருஷம் ஒரு சத்துப் பானப் பொடியின் லேபிள் வந்தது. பச்சை நிறம், இரண்டு இலை, நடுவில் கொட்டை எழுத்தில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை". அச்சு நன்றாக வந்த சந்தோஷத்தில் கம்பெனிக்காரர்கள் ஒரு பெட்டி டப்பா அனுப்பி வைத்தார்கள். அப்பாவின் கால் ஞாபகத்துக்கு வந்தது. உடனே காபியை விட்டுவிட்டு இந்தப் பொடிக்கு மாறினேன். அதில்தான் சர்க்கரை இல்லையே, அப்புறம் கணக்கு எதற்கு? நாளுக்கு ஐந்து கப். அத்தானுக்கும் இரண்டு டப்பா தந்தேன், "உன் தம்பிக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு" என்று நீகூடச் சொன்னாய். நீ என்னைப் பாராட்டிய ஒரே சந்தர்ப்பம். அதுவும் இப்படிப் போயிற்று.

இரண்டு மாசம் முன்பு முடிவெட்டப் போனேன். முடி வெட்டுகிறவர் என் பிடரியை ஈரத்துணியால் துடைத்தார். மறுபடி துடைத்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல தண்ணிப் பஞ்சமா?" என்றார். பக்கத்து நாற்காலியில் பாதி முகம் சோப்பு நுரையோடு இருந்த ஆள் எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சொன்னதும் உனக்கு நாத்தனார் இல்லாத குறையைத் தீர்க்க வந்த என் மனைவி, பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "குனிங்க! எங்க மானம் சலூன் வரைக்கும் போயிடுச்சு!" ஒரு வாரம் தேய்த்தாள். தோல்தான் வந்தது, கருப்பு போகவில்லை. கடைசியில் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்தச் சட்டைதான் வினை. எங்கள் மெஷின் ஆபரேட்டர் ஒருவர், இருபத்து நாலு மணி நேரமும் பேசுவதால் எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுவோம், அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், மாப்பிள்ளை மாதிரி? மூச்சு முட்டலையா?"

சொன்னேன். பொத்தானைக் கழற்றிப் பார்த்தார். ரேடியோ நின்றுபோனது.

"சார், இது அழுக்கு இல்ல. என் மச்சினனுக்கும் இப்படித்தான் கழுத்துல வந்துச்சு. சர்க்கரை வரப்போகுதுன்னு உடம்பு விடற நோட்டீஸ் சார் இது. நாளைக்கே போய் ரத்தம் குடுங்க."

கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் பரிசோதனைக்கூடத்து ஜன்னலில் ஒரு பெண் அந்தக் காகிதத்தை நீட்டினாள். மூன்று வருஷமாக நான் பயந்த காகிதம். பயந்தால் என்ன, கண் பழக்கத்தை விடுமா? கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தது. நான்கு பிழை! சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனா தானாக வெளியே வந்தது. திருத்தி, ஓரத்தில் கையெழுத்தும் போட்டு, "திருத்தின பிரதி கொண்டு வாங்கம்மா" என்று அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வாசலிலேயே வீட்டுக்காரி நின்றிருந்தாள். முகமே சரியில்லை.

"எவ்வளவுங்க?"

"நாலு பிழை."

"சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டேன்!"

அக்கா, எனக்குத் தெரியாது. அவள் கத்தவில்லை. படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "உங்களுக்கு ஏதாவதுன்னா நான் யாரத் திருத்தறது?" என்று விம்மலுக்கு நடுவில் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் மூன்று வருஷப் பொய்யும் எனக்கு ஒரேயடியாக உறைத்தது. இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகப் போய், மூடப்போன ஜன்னலைத் தட்டிக் காகிதத்தை வாங்கி, அப்படியே டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். "இதென்ன சிவப்பு?" என்றார். சொன்னோம். கண்ணாடியைக் கழற்றிச் சிரித்து முடித்துவிட்டு, "மூணு மாசச் சராசரி ஆறு புள்ளி ஒண்ணு. சர்க்கரை நோய் இன்னும் வரல. வாசல்ல நின்னு செருப்பக் கழட்டுது. இப்பவே கதவச் சாத்துங்க" என்றார். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். வேலைக்குக் கொண்டுபோகும் பை தோளிலேயே இருந்தது; பெருமையோடு பொடி டப்பாவை அதிலிருந்து எடுத்து வைத்தேன். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ஏன் கடைசியிலருந்து படிக்கறீங்க? முன்னாடியிருந்து படிங்க. எது அதிகமோ அதத்தான் முதல்ல போடுவாங்க."

முன்னாலிருந்து படித்தேன். மால்டோடெக்ஸ்ட்ரின், உலர்த்திய குளுக்கோஸ் பாகு, மால்ட் சாறு. "இதெல்லாம் சர்க்கரையோட சொந்தக்காரங்க. பேர மாத்திக்கிட்டு வந்திருக்காங்க" என்றார். குளுக்கோஸ் பாகுக்குப் பின்னால் இருந்த காற்புள்ளி என்னை மிரட்சியோடு பார்த்தது. அதைப் போட்டவனே நான்தான்.

இப்போது பொடி குப்பைக்குப் போயிற்று. தினம் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். கூட இவளும் வருகிறாள், பேச்சுத் துணைக்கல்ல, காவலுக்கு. மூன்று மாசம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுப்பேன். காகிதத்தை நீயே வந்து முதலில் படி. மனசு அவ்வளவு லேசாக இருக்கிறது, அக்கா. நேற்று நடக்கும்போது விசில்கூட அடித்தேன், இவள் முறைத்தாள்.

உன்னிடம் கேட்பது இரண்டே. அத்தானிடம் உள்ள அந்தப் பொடியைத் தூக்கி எறி. நீங்கள் இரண்டு பேரும் ரத்தம் கொடுங்கள். அப்பா உனக்கும் அப்பாதான். பானத்தை விட்டதும் வாய் பரபரக்கிறது என்று அத்தான் குதித்தால் கவலை வேண்டாம். நான் அதற்கென்றே பிடித்துக்கொண்ட மூலிகை வில்லை, மருந்துக் கடையில் விற்பது, ஒரு பெரிய பெட்டி இன்று காலை பார்சலில் அவர் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். எத்தனை வேண்டுமானாலும் சப்பலாம்.

அத்தானுக்கு என் நமஸ்காரம், பேத்திக்கு ஒரு முத்தம், உன் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
திருந்திவிட்ட உன் தம்பி

பின்குறிப்பு: இவள் இப்போதுதான் மேஜையைத் துடைக்க வந்தாள். பதினோரு வில்லைத் தாள்களைப் பொறுக்கி எண்ணினாள். அப்புறம் பெட்டியை எடுத்து, முன்னாலிருந்து, சத்தமாகப் படித்தாள். முதல் வார்த்தை, சர்க்கரை. இரண்டாவது, குளுக்கோஸ் பாகு. மூலிகை கடைசியில் எங்கேயோ, துளியளவு. பெட்டியின் அடிமடிப்பில் எங்கள் அச்சகத்து எண் இருக்கிறது. இதையும் பார்த்து ஒப்பம் போட்டவன் நான்தான். பார்சல் அத்தான் கைக்குப் போவதற்குள் நீ பிடித்துவிட வேண்டும். இந்த ஒரு கடிதத்தையாவது நீ என்னைப் போலப் பின்னாலிருந்து படிக்கத் தொடங்கியிருந்தால் தேவலை.