தூங்க வைத்த பாட்டுக்கே முதல் பரிசு

உலகத்திலேயே ஆபத்தான வேலை எது என்று கேட்டால், இரும்பு உருக்கும் ஃபர்னஸ் பக்கத்தில் நிற்பதுதான் என்று எங்கள் கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொந்தக்காரர் பாடின பாட்டுக்குத் தீர்ப்பு சொல்வதுதான் ஆபத்து. ஃபர்னஸுக்காவது ஹெல்மெட், கையுறை எல்லாம் தருகிறார்கள்.

கவின், ரோஷினி, உங்கள் முரளி மாமா நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே "வணக்கம் ஜட்ஜய்யா" என்று எனக்குக் கும்பிடு போடுகிறாரே, ஏன் என்று கேட்டீர்கள். அம்மாவைக் கேட்டால் சிரித்துச் சிரித்து பாதியில் நிறுத்திவிடுவாள். அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

ரோஷினி, அப்போது உனக்கு ஒரு வயசு கூட முடியவில்லை. பொன்னேரிக்குப் பக்கத்தில் இருக்கிற நம் குலதெய்வக் கோயிலில் உனக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். உனக்கு இருப்பதோ ஒரே தாய்மாமன். அவர்தான் முரளி.

முரளி மாமாவும் அவருடைய கூட்டாளிகள் டேவிட்டும் சீனுவும் கும்மிடிப்பூண்டியில் ஆளுக்கொரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். மூன்று பேரும் சேர்ந்து 'கொதிகலன்' என்று ஒரு ஹெவி மெட்டல் பேண்டு வைத்திருந்தார்கள். சீனு கிட்டாரை அடிப்பார். டேவிட் டிரம்ஸை அதைவிட அடிப்பார். நடுவில் உங்கள் மாமா உறுமுவார். (பாடுவார் என்றுதான் எழுதியிருந்தேன். அப்புறம் மனசாட்சி கேட்கவில்லை, அடித்துவிட்டேன்.)

இத்தனை வருஷம் போட்ட பாட்டுகளில் சிறந்த பத்தைப் பொறுக்கி ஒரே ஆல்பமாக வெளியிடலாம் என்று கிளம்பினார்கள். எந்தப் பத்து என்பதில்தான் வந்தது சண்டை. மூன்று பேரும் முகம் பார்த்துப் பேசாமல், மீஞ்சூரில் டேவிட் வீட்டு மாடியில் இருந்த பிராக்டிஸ் ரூமுக்குப் பூட்டு போடும் வரைக்கும் போய்விட்டது.

கடைசியில் ஒருநாள் மூன்று பேரும் மூன்று வண்டியில் நம் வீட்டுக்கு வந்தார்கள்.

"மாமா, நீங்கதான் சொல்லணும். நீங்க இன்னா சொல்றீங்களோ அதான் முடிவு" என்றார் முரளி.

எனக்கு ஜட்ஜ் அனுபவம் உண்டு. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு செக்‌ஷனும் மெஷினுக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பலூன் தொங்கவிட்டு அலங்காரம் செய்வார்கள். எது சிறந்தது என்று சொல்வது நான்தான். என் தீர்ப்பைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. (போன வருஷம் யாருக்குக் கிடைக்கவில்லையோ அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

"எனக்குப் பாட்டெல்லாம் தெரியாதேப்பா" என்று ஒப்புக்கு இழுத்தேன்.

"அதுக்குதாண்ணா உங்க கிட்ட வந்தோம். தெரிஞ்சவன் எவனாவது ஒருத்தன் பக்கம் பேசுவான்" என்றார் டேவிட்.

உங்கள் அம்மா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டாள். "ஏங்க, என் தம்பிக்கு மூக்கு நுனியில கோவம். காதுகுத்து முடியட்டும், அப்பால ஜட்ஜா இருங்க."

"நியாயத்துக்கு முன்னாடி சொந்தம் பந்தம் பார்க்கக் கூடாது செல்வி" என்றேன். சொல்லும்போதே சட்டைக் காலரை சரி செய்துகொண்டதாக அவள் சொல்கிறாள். இருக்கலாம்.

எல்லாப் பாட்டையும் என் செல்போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதல் பாட்டைப் போட்டதும் செல்போன் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து பொன்னேரி பஜாருக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஸ்பீக்கர் நல்லாத்தான் கீது சார். பாட்டுதான் அப்டி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எந்த இடத்தில் ஒரு பாட்டு முடிகிறது, எந்த இடத்தில் அடுத்தது ஆரம்பிக்கிறது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. "என்னால முடியல" என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஜட்ஜ் எப்படிச் சொல்வது?

அப்போது உனக்குப் பல் முளைக்கிற நேரம் ரோஷினி. விளக்கு வைத்தால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுவாய். ஒரு சாயங்காலம் நீ அப்படி அழும்போது 'பெல்ட் கன்வேயர்' என்கிற பாட்டு ஓடியது. "பெல்ட்டு ஓடுது... நான் எங்க ஓட?" என்று உங்கள் மாமா அடிவயிற்றிலிருந்து உறுமினார். நீ பட்டென்று நிறுத்தினாய். செல்போனைப் பார்த்தாய். கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாய். சீனு மெல்லிசாக கிட்டார் வாசிக்கிற அடுத்த பாட்டு வந்தது. வீலென்று எழுந்தாய். பழைய பாட்டைத் திரும்பப் போட்டேன். திரும்பத் தூங்கினாய்.

எங்கள் கம்பெனியில் கேஜ் என்று ஒரு வளையம் வைத்திருப்போம். கம்பி அதற்குள் நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் ரிஜெக்ட். அதில் வாதமே கிடையாது. எனக்குக் கிடைத்த கேஜ் நீதான். நீ தூங்கினால் பாஸ், அழுதால் ரிஜெக்ட். ஒரே வாரத்தில் பத்துப் பாட்டையும் பொறுக்கிவிட்டேன்.

காதுகுத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை டேவிட் வீட்டு மாடியில் தீர்ப்பு. மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "முதலிடம், பெல்ட் கன்வேயர்" என்றேன்.

அது மூன்று பேரும் சேர்ந்து போட்ட பாட்டாம். மூன்று முகமும் மலர்ந்தது. மிச்சம் ஒன்பதையும் சொன்னேன். "அட, சரியாத்தான் சொல்றாரு மாமா" என்றார் முரளி. சீனு எழுந்துவந்து டேவிட் தோளில் கை போட்டார். அந்த நிமிஷமே நான் வண்டியை எடுத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை.

"அண்ணா, அந்தப் பாட்டுல உங்களுக்கு அப்டி இன்னா புடிச்சிது?" என்று கேட்டார் டேவிட்.

பெருமையோடு சொன்னேன். "ரெண்டே நிமிஷம் தம்பி. கொழந்த அப்டியே தூங்கிடுது."

சீனுவின் கை டேவிட் தோளிலிருந்து இறங்கியது.

"தூங்கிடுதா?" என்றார் சீனு.

அவர்களுக்குப் புரியவில்லை போல என்று நினைத்து விளக்கமாகச் சொன்னேன். "மத்த பாட்டுக்கெல்லாம் அஞ்சு நிமிஷமாவது ஆவுது. இது மட்டுந்தான் ரெண்டு."

முரளி எழுந்து என் முன்னால் வந்து நின்றார். "மாமா, இந்தப் பாட்டக் கேட்டா செவுரு இடிஞ்சி வுழணும்னு எழுதுனேன் மாமா. தொண்ட கிழியக் கத்தனேன்."

"அதான் மச்சான். நீ நல்லா கத்துனதாலதான் புள்ள நல்லா தூங்குது."

அதுவரை பேசிக்கொள்ளாத மூன்று பேரும் அன்றைக்கு ஒன்று சேர்ந்துவிட்டார்கள், எனக்கு எதிராக. முரளி தன் அக்காவுக்கு போன் செய்து ஒரே வார்த்தைதான் சொன்னாராம். "தாலாட்டு பாடுறவனுக்குக் காதுகுத்துல இன்னாக்கா வேல? நான் வரல."

உங்கள் அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். காராசேவு வாங்கிக்கொண்டு முரளியின் கம்பெனி கேட்டுக்குப் போய் நின்றேன். காராசேவை வாங்கிக்கொண்டார். மன்னிப்பை வாங்கிக்கொள்ளவில்லை.

காதுகுத்து நாள் வந்தது. மொட்டைத் தலையும் சந்தனமுமாக நீ இருந்தாய். மாமனைக் காணவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று அம்மாவுக்கு அண்ணன் முறையான வள்ளூர்க்காரர் ஒருவர் மடியில் உன்னை உட்கார வைத்தோம். அழுதாய் பார், அப்படி ஓர் அழுகை! தலை ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"இப்டி ஆடுனா மூக்குலதான் குத்தணும்" என்று ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். செல்போனில் பாட்டைப் போட்டேன். மேளச் சத்தத்தில் எறும்பு கத்துகிற மாதிரிதான் கேட்டது. வேறு வழி தெரியவில்லை. புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அத்தனை சொந்தபந்தத்துக்கு நடுவில், நானே உறுமினேன்.

"பெல்ட்டூ ஓடுதூஊஊ!"

மேளம் நின்றது. நீ இரண்டு மடங்கு அழுதாய். யாரோ, "ஐயோ, இவருக்கு சாமி வந்துட்ச்சி!" என்று கத்தினார்கள். ஒருவர் என் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். ஒருவர் கையில் வேப்பிலையைத் திணித்தார். அந்த வள்ளூர்க்காரரின் மனைவி, உங்கள் வள்ளூர் அத்தை, கற்பூரத் தட்டோடு வந்து என் காலில் விழுந்து, "சாமி, என் புள்ளைக்கு வேலை பர்மனென்ட் ஆவுமா?" என்று கேட்டாள். இல்லை என்று எப்படிச் சொல்வேன்? தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரியை உறுமினேன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"மாமா, நிறுத்து! பாட்டக் கெடுக்காத! அது அப்டி இல்ல!"

முரளிதான். வராமல் இருக்கவும் மனசில்லாமல், உள்ளே வரவும் ரோஷப்பட்டு, கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தாராம். நேராக வந்தார். உன்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து உறுமினார்.

நீ பட்டென்று நிறுத்தினாய். மாமன் வாயையே பார்த்தாய். கட்டைவிரல் வாய்க்குள் போனது. ஆசாரி ஒரு காதைக் குத்தி முடிக்கும்போது லேசாகச் சிணுங்கினாய், அவ்வளவுதான். மறு காது குத்தும்போது நீ அரைத்தூக்கத்தில் இருந்தாய். முரளி உறுமிக்கொண்டே இருந்தார். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. (வியர்வை என்கிறார். இருக்கட்டும்.)

ஆல்பம் வெளிவந்தது. அட்டைப் படத்தில் சந்தனத் தலையோடு தூங்குகிற மொட்டைக் குழந்தை யார் என்று உங்களுக்கே தெரியும். வள்ளூர் அத்தை மகனுக்கு எப்படியோ வேலை பர்மனென்ட் ஆகிவிட்டது. அதனால்தான் அவள் வருஷா வருஷம் தேங்காய் பழத்தோடு வந்து என் முன்னால் கற்பூரம் காட்டுகிறாள். நானும் பேசாமல் நின்றுவிடுகிறேன்.

போன வாரம் முரளி மாமா காரில் 'பெல்ட் கன்வேயர்' ஓட, நாம் எல்லோரும் திருவள்ளூர் போனபோது பின்சீட்டில் இருந்து நீ என்ன சொன்னாய் ரோஷினி? "மாமா, வேற பாட்டு போடு. இதக் கேட்டா எனக்குத் தூக்கம் தூக்கமா வருது."

உங்கள் மாமா வண்டியை ஓரம் கட்டினார். திரும்பி, இரண்டு கையையும் தூக்கி எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"மேல்முறையீட்டுலயும் அதே தீர்ப்புதான் ஜட்ஜய்யா."