ஏலக்காய் ஸ்டோருக்குக் குடிபோன லேப்டாப்

போடிமெட்டுக்கு மேலே,
எஸ்டேட் லயத்திலிருந்து.

அன்புள்ள மாப்ளே சின்ராசுக்கு, மச்சான் சோலைமலை எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அக்கா மொக்கம்மாள், மகள் ரோஜா மூவரும் சுகம் என்று எழுதத் தொடங்கினேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்த உன் அக்கா, “சுகம்னு எழுதாதீங்க, நடந்தத எழுதுங்க” என்கிறாள். நடந்ததில் பாதிக்கு நீயும் போனில் இருந்தாய். மீதியைப் போனில் சொன்னால் நடுவிலேயே சிரித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது “ரோஜாவுக்கு உதவும்” என்று உன் பழைய லேப்டாப்பை விட்டுப்போனாய். அது எப்படி உதவியது என்றால், பட்டனை அமுக்கிவிட்டு உன் அக்கா உலை வைப்பாள், சோறு வடிக்கும்போது திரையில் படம் வரும். நர்சிங் முடித்த பிள்ளைக்கு எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இன்டர்வியூ வந்தது. கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும், போனில் ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். போடிக்கு இறங்கி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்காரலாம் என்றிருந்தோம். முதல் நாள் மழையில் மலை ரோட்டில் பாறை உருண்டு ஜீப்பெல்லாம் நின்றுவிட்டது. பூப்பாறைப் பக்கம் போகலாமென்றால் அங்கே மரம் சாய்ந்து கிடக்கிறது. ஆக, மேலேயும் வழியில்லை, கீழேயும் வழியில்லை, நடுவில் நாங்களும் உன் லேப்டாப்பும்.

இன்டர்வியூ அன்று காலையில் ரோஜா அதைத் திறந்தாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. “அப்பா, மாமா குடுத்துவிட்ட பென்டிரைவப் போட்டுற வேண்டியதுதான். பழைய மெஷினுக்கு லேசான சிஸ்டம், லினக்ஸுன்னு சொன்னாருல்ல” என்றாள். சரி, உன்னைக் கேட்டுச் செய்வோம் என்றால், சிக்னல் கிடைப்பது மேட்டில் இருக்கும் ஏலக்காய் ஸ்டோர் வாசலில் மட்டும். அதனால் நான் போனோடு மேட்டில், ரோஜா மெஷினோடு வீட்டில், இருவருக்கும் நடுவே படியில் மழைக்கு முக்காடு போட்டுக்கொண்டு உன் அக்கா. நீ சொல்வதை நான் கத்த, நான் கத்துவதை அவள் கத்த, இப்படியே எஃப் பன்னிரண்டு என்ற பட்டனை அமுக்குவது வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. மெஷினை ஸ்டோருக்கே தூக்கி வந்திருக்கலாமே என்று நீ கேட்பாய். அது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம்தான் வினை. “பழசு எல்லாத்தையும் அழிச்சிரவான்னு கேக்குதாம்” என்று கீழேயிருந்து வந்தது. நீ “அழிக்கச் சொல்லுங்க மச்சான், யோசிக்காதீங்க” என்றாய். நானும் அழிக்கச் சொல்லு என்று கத்தினேன். உன் அக்கா அதை மட்டும் கீழே கடத்தவில்லை.

“சொல்லு மொக்கம்மா, பிள்ள காத்துக்கிட்டு இருக்கு.”

“நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல எம்புள்ளயப் பாத்து அந்த வார்த்தய நான் சொல்ல மாட்டேன்.”

மழையில் நின்று அவளோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் வீட்டுப் பக்கம் திரும்பி, “மாமா சரின்னு சொல்லிட்டான்டி” என்றாள். “எதுக்கும்மா சரி?” என்று ரோஜா கேட்க, “எல்லாத்துக்கும்தான்” என்றாள். பிள்ளை புரிந்துகொண்டு அமுக்கிவிட்டாள்.

பாதி ஏறியிருக்கும், கரண்டு போய்விட்டது. அந்த மெஷினின் பேட்டரி ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்தான் தாங்கும். பழசும் போச்சு, புதுசும் வரவில்லை. நான் இறங்கி ஓடினேன். ரோஜா திறந்த மெஷினை இரு கையிலும் ஏந்திக்கொண்டு மேட்டில் ஏற, நான் அதற்குக் குடை பிடிக்க, உன் அக்கா சார்ஜர் வயரை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு பின்னால் வர, ஜெனரேட்டர் ஓடுகிற ஸ்டோருக்குள் நுழைந்தோம். காய் உலர்த்துகிற சோணை வாசலை மறித்தான். “ஈரத்தோட வராதீங்கண்ணே, காய் நிறம் போயிரும்.”

“ஒன் காய நாளைக்கும் உலத்திக்கலாம், எம்மகளுக்கு இன்னைக்குத்தான்டா. வெரசா பிளக்கக் காட்டு” என்றாள் உன் அக்கா. அவன் காட்டினான்.

சிஸ்டம் ஏறி முடிந்தது. அணைத்துப் போட்டால் டக்கென்று படம் வந்துவிட்டது. நான் கும்பிடப் போனேன். ரோஜா, “அப்பா, நெட்டு வரல” என்றாள். போனிலிருந்து காற்றில் நெட் பிடிக்கும் சமாச்சாரம் புதுச் சிஸ்டத்துக்குத் தெரியவில்லையாம். உன்னைக் கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை, வேலைக்குப் போய்விட்டாய் போல. பிள்ளைதான் சோணையின் போன் சார்ஜர் வயரை வாங்கி என் போனை மெஷினோடு கட்டினாள். நெட்டு வந்தது. தலையைத் துவட்டக்கூட நேரமில்லை, திரையில் ஆஸ்பத்திரி அம்மா ஒருவர் வந்துவிட்டார்.

ஜெனரேட்டர் இரைச்சலைக் கேட்டு, “அது எந்தா சப்தம்?” என்று மலையாளத்தில் கேட்டார் அந்த அம்மா. ரோஜா உள்ளதைச் சொன்னாள்: ரோடு அடைப்பு, கரண்டு இல்லை, இது ஏலக்காய் ஸ்டோர் என்று. அவர் சிரிக்கவில்லை. நோயாளி மெஷினில் மூச்சு விடுகிறார், திடீரென்று கரண்டு போகிறது, என்ன செய்வாய் என்று கேட்டார். அவர் கேட்டு வாய் மூடவில்லை, ஜெனரேட்டர் இருமி நின்றுவிட்டது. உன் அக்கா சுவரோடு சாய்ந்துவிட்டாள். சோணை வெளியே ஓடினான். ரோஜா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கையால அமுக்கிக் காத்துக் குடுக்கிற பைய எடுப்பேன் மேடம். முதல்ல மூச்சு, அப்புறம்தான் ஆளக் கூப்பிடுவேன். கரண்டு வர்ற வரைக்கும் கைய எடுக்க மாட்டேன்” என்று நிதானமாகச் சொன்னாள். இருட்டில் அவள் முகத்தில் மட்டும் வெளிச்சம். சோணை இழுத்த இழுப்பில் ஜெனரேட்டர் திரும்ப உயிர் பெற்றபோது அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தகவல் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள்.

இவ்வளவும் உன்னால் வந்தது மாப்ளே. உன் அக்காவுக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆகவே அடுத்த விடுமுறைக்கு நீ வரும்போது இந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடு. லேசோ கனமோ, எந்தச் சிஸ்டமும் இனி எங்கள் வீட்டுப் படி ஏறக் கூடாது. உன் சம்சாரம் வீரலட்சுமிக்கு எங்கள் அன்பைச் சொல். குழந்தை பவித்ரா நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
தொண்டை கட்டிய மச்சான்,
சோலைமலை.

பி.கு.: ரோடு திறக்காததால் இந்தக் கடிதம் தபாலுக்குப் போகாமல் கிடந்தது. இதற்கிடையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, ரோஜாவை எடுத்துக்கொண்டார்கள். மேலே எழுதியதில் மெஷினைத் தூக்கிப்போகச் சொன்னதை அடித்துவிடு. ரோஜா அதைக் கூடவே கொண்டுபோகிறேன் என்றாள், உன் அக்கா விடவில்லை. “அது இங்கதான் இருக்கணும், இல்லாட்டி நான் எதுல அவ மொகத்தப் பாக்குறது?” என்கிறாள். இப்போது சாயங்காலமானால் என் போனைப் பிடுங்கி மெஷினோடு கட்டி, ஸ்டோருக்குள் உட்கார்ந்துகொள்கிறாள். ரோஜா அவள் போனோடு வாசலில் நிற்க வேண்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். திரையைப் பார்த்து, “சாப்பிட்டியாடி?” என்று உன் அக்கா இப்போதே கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள்.