அன்னம்மா அசையக்கூடாது

"இது நான் இல்லீங்க. நம்ம ஆடு," என்றாள் அன்னம்மா, தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தபடி.

வீரபத்திரனுக்கு முகம் தொங்கிவிட்டது. வட்டவளைத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரங்களை மேய்த்தவர். தான் வரையும் மனைவியின் படம் ஹட்டன் ஓவியக் கண்காட்சியில் தொங்கப்போவதாகத் தொழிலாளர் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அவர் போகும் ஓவிய வகுப்பை நடத்தும் துஷாந்த் 'சரி' என்றால்தான் அது ஹட்டனுக்குப் போகும். அன்னம்மாவோடு கொழுந்து பறிக்கும் ஜீவராணியின் மகன்தான் துஷாந்த்.

"சரியில்ல பெரியப்பா," என்றான் அவன். "கண்ணு இப்படித்தான் இருக்கும்னு நெனச்சு வரையுறீங்க. நெனைக்காதீங்க, பாருங்க. தலைகீழாப் பாத்தா மூளை குறுக்க வராது."

அன்னம்மாவைத் தலைகீழாக நிறுத்த முடியுமா? வீரபத்திரனே திரும்பி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று நாள் ஊராரின் செருப்புகளை மட்டும் பார்த்து நடந்தார்.

"சரியில்ல," என்றான் துஷாந்த் மறுபடியும். "ஆளை விட்டுருங்க. கைக்கும் இடுப்புக்கும் நடுவுல தெரியிற வெத்திடத்தை வரைங்க. ஆனா பெரியம்மா இம்மிகூட அசையக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை அன்னம்மா இடுப்பில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"பருப்பு பொங்குதுங்க."

"அசையாத. நான் பாக்குறேன்."

பருப்பை இறக்கினார், ரொட்டி கருகியது. ரொட்டியைத் திருப்பினார், கொடியில் காய்ந்த சேலையை ஆடு தின்றது. சமையல், துவையல், விறகு எல்லாம் ஞாயிறுதோறும் அவர் தலையில். வெயில் நகர்ந்தது, மூடுபனி நகர்ந்தது, மலையே சற்று நகர்ந்தது. அன்னம்மா நகரவில்லை.

ஆனால், நாலாவது ஞாயிறு அதிசயம் நடந்தது. கூடை இழுத்து ஒரு பக்கம் சரிந்த தோள், கொழுந்துக் கறை ஏறிய விரல் வெடிப்பு, எதற்கோ சிரிப்பை அடக்கிய உதட்டோரம் என்று இருபத்தெட்டு வருடமாகக் கண்ணில் படாதவையெல்லாம் பென்சில் வழியாக வந்து இறங்கின. படத்தைப் பார்த்த ஆடே மெல்லுவதை நிறுத்தியது.

துஷாந்த் வெகுநேரம் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கொஞ்சம்... சரியில்ல பெரியப்பா."

வீரபத்திரன் வீடு திரும்பி, உள்ளே அரிசி களைய உட்கார்ந்தார். வாசலில் அன்னம்மாவிடம் பேசும் ஜீவராணியின் குரல் கேட்டது.

"அக்கா, மகன் கேட்டுட்டு வரச் சொன்னான். படம் இவ்வளவு நல்லா வந்த பொறகும், நீங்க சொன்ன மாதிரி 'சரியில்ல'ன்னேதான் சொல்லணுமா?"