டெஸ்டர் மாமா வீட்டுக்கு வந்த ஃப்ரீசர் பெட்டி

டெஸ்டர் மாமா இறந்த அன்றைக்குத் தேவாரத்திலிருந்து அவருடைய தம்பி வந்திருந்தார். சுருளிப்பட்டியிலிருந்து அக்கா வந்திருந்தது. அவர் எடை போட்ட திராட்சைக் கமிஷன் கடையிலிருந்து முதலாளி முதல் சுமை தூக்குகிறவர்கள் வரை மாலையோடு வந்திருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. வராதது இரண்டே இரண்டு. ஒன்று, பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகள் செல்வி. இன்னொன்று, கரண்ட்.

கம்பம் பள்ளத்தாக்கில் இப்படியொரு மனிதர் இதற்கு முன் பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தால் ஊரில் ஒரு மிக்ஸி மிஞ்சாது.

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் அவர் டெஸ்டர் வைத்திருப்பார். கரண்ட் இருக்கிற இடத்தில் தொட்டால் உள்ளே சின்னதாகச் சிவப்பு விளக்கு எரியுமே, அதுதான். அதை வைத்து அவர் தொட்டுப் பார்க்காத பொருள் கிடையாது. இரும்புக் கேட், தண்ணீர்க் குழாய், கோயில் மைக். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் இலையைக் காட்டினார்.

"என்ன மாப்ள, சாம்பார்ல கரண்டு வருதா?" என்றார் என் அய்யா.

"இப்ப வரல மச்சான். தைரியமாச் சாப்புடுங்க."

தெருவே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஆனால் மாமா சம்சாரம் இறந்தது ஈரத்துணியைக் கொடிக்கம்பியில் போடும்போதுதான். கம்பியில் எங்கிருந்தோ கரண்ட் இறங்கியிருந்தது. செல்வி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சின்னப் பிள்ளை பார்க்க வேண்டாமென்று, அவள் வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் மாமா டெஸ்டர் வாங்கினார். கொஞ்ச நாளில் அவருடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துபோனார்கள்.

டெஸ்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தன் வீட்டையும் சேர்த்துத் தெருவில் எட்டு வீட்டு வயரிங்குக்கும் தன்னைத்தானே நியமித்துக்கொண்டார். கூலி வாங்கமாட்டார், புதுச் சாமானும் வாங்கவிடமாட்டார். "இருக்குறத வச்சு ஓட்டணும்ல" என்று எங்கள் அயர்ன் பாக்ஸ் வயரை அறுத்து எதிர்வீட்டு மோட்டாருக்குப் போடுவார். எதிர்வீட்டு ஃபேனில் கழற்றியது எங்கள் ஃபேனுக்கு வரும். ஃபேன் தலைகீழாகச் சுற்றி, காற்று மேலே போகும். கேட்டால், "ஒட்டடை அண்டாது பாருங்க" என்பார். பக்கத்தில் லோயர் கேம்ப் பவர் ஹவுசில் அத்தனை பாடுபட்டு எடுக்கிற கரண்ட், எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் வழி தெரியாமல் திகைத்து நிற்கும்.

எங்கள் வீட்டுக் கதை இன்னும் மோசம். கக்கூஸ் லைட் எரியவில்லை என்று அம்மா சொன்னதுதான் தப்பு. மாமா ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து சரிசெய்துவிட்டுப் போனார். மறுநாள் அம்மா மிக்ஸியில் தேங்காய், பொட்டுக்கடலை எல்லாம் போட்டு, மூடி எடுக்கத் திரும்பியிருக்கிறாள். அய்யா கக்கூஸ் சுவிட்சைத் தட்டினார். லைட் எரியவில்லை. மிக்ஸி ஓடியது. சுவர், காலண்டர், அம்மா, எல்லாம் சட்னி.

"ஏங்க, நீங்க கக்கூசு போனாத்தான் இந்த வீட்டுல சட்னி அரையுமா?" என்று அம்மா கத்தியது தெருமுனை வரை கேட்டது.

புதிதாக வாங்கச் சொல்லி அவர் உயிரை எடுத்த சாமான் ஒன்றே ஒன்றுதான். ட்ரிப் சுவிட்ச். கரண்ட் எங்கேயாவது கசிந்தால் மெயினே பட்டென்று விழுந்துவிடும். வாங்குகிற வரைக்கும் வாசலைவிட்டு நகரமாட்டார். அது தூறல் போட்டால் விழும், சுவர் வேர்த்தால் விழும். சீரியல் பார்க்கிற பெண்கள் அவரை வாழ்த்திய வாழ்த்துக்கு அவர் எப்போதோ போயிருக்க வேண்டும். தெருக்கோடி வாத்தியார் மட்டும் அவரைத் தன் வீட்டுப் படியேற விடவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் முடித்துச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினேன். மாமா அதையும் டெஸ்டரால் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணும் எரியலயே மாப்ள" என்றார்.

அப்படிப்பட்டவர் ஒரு சித்திரை மாத விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. செல்வி போனில் அம்மாவிடம் அழுதாள்: "அத்தை, அம்மா மொகத்தத்தான் நான் பாக்கல. அப்பா மொகத்தக் காட்டாம எடுத்துறாதீக."

அவள் வந்துசேரச் சாயங்காலம் ஆகும். வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. வாடகைக்கு ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தார்கள். மாமாவை உள்ளே வைத்து, பிளக்கைச் சொருகியதும் பட்டென்று மெயின் விழுந்தது. தூக்கிவிட்டார்கள். மறுபடியும் விழுந்தது. பெட்டிக்காரர் ஸ்விட்ச் போர்டைத் திறந்து பார்த்து, பயந்துபோய் மூடினார்.

"அண்ணே, யாருண்ணே வயரிங் பாத்தது?"

"உள்ள படுத்திருக்காக பாரு, அவுகதான்" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்தோம். எங்கள் மெயின் விழுந்தது. எதிர்வீடு, பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. எல்லாம் மாமாவின் கைவண்ணம்; எல்லாம் விழுந்தது. "ஏலே, நீதான கரண்டுக்குப் படிச்சவன், பாருடா" என்று அய்யா என்னைத் தள்ளினார். போர்டுக்குள் எல்லா வயரும் ஒரே சிவப்பு. சைக்கிள் டியூப் சுற்றிய ஒட்டு. பாலிடெக்னிக்கில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. மாமாவின் தம்பி தலையிலடித்துக்கொண்டார்: "செத்தும் நம்மள நிம்மதியா இருக்க விடமாட்டேங்குறானே!"

கடைசியில் வாத்தியார் வீட்டிலிருந்து நீளமாக வயர் வந்தது. பெட்டி உர்ரென்று ஓடியது. கண்ணாடியில் பனி படர்ந்தது. "டெஸ்டர் கை படாத கரண்டுப்பா, அதான் ஓடுது" என்றார் வாத்தியார், துக்க வீடு என்பதையும் மறந்து கொஞ்சம் பெருமையாக.

பெட்டியிலிருந்து வடிந்து தரையெல்லாம் தண்ணீர். சுருளிப்பட்டி அக்கா ஒப்பாரி வைத்துக்கொண்டே வந்து பெட்டியைக் கட்டிப்பிடித்தது. பிடித்த வேகத்தில் பின்னால் துள்ளி விழுந்தது.

"ஆத்தாடி! என் தம்பி என்னைய இழுக்குறான்! கூடவே கூப்புடுறான்!"

கூட்டம் வாசலுக்கு ஓடியது. ஆணியில் மாமாவின் சட்டை தொங்கியது. அதன் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் ஓரத்தைத் தொட்டேன். பளிச்சென்று எரிந்தது. பெட்டியின் உடம்பு முழுக்கக் கரண்ட். எட்டு வீட்டு மெயினும் காலையிலிருந்து அதைத்தான் சொல்லிச் சொல்லி விழுந்திருக்கிறது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத வாத்தியார் வீடு மட்டும் சொல்லவில்லை.

"லேசா வரும்ணே. மேல ஒரு போர்வையப் போட்டா தெரியாது" என்றார் பெட்டிக்காரர்.

செல்வி திண்டுக்கல் தாண்டிவிட்டதாக அப்போதுதான் போன் வந்தது. வந்ததும் அவள் எங்கே போய் விழுவாள் என்று யாருக்கும் யாரும் சொல்லவேண்டியதில்லை. அம்மாதான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

மீன் கடைக்கு ஐஸ் போடுகிற இடத்திலிருந்து பாளம் பாளமாக ஐஸ் வந்தது. உமி பரப்பி, அதன்மேல் ஐஸ் அடுக்கி, பிளாஸ்டிக் தாள் விரித்து மாமாவைக் கிடத்தினோம். உருக உருகப் புதுப் பாளம் வைத்தோம். தெருவில் ஒருத்தரும் வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை.

வெயில் சாயும்போது செல்வி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அப்பாவின் மேல் விழுந்தாள். முகம் அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, நனைந்துபோன துப்பட்டாவோடு நிமிர்ந்து கேட்டாள்: "பெட்டி கெடைக்கலையா அத்தை?"

"கெடைச்சுச்சுத்தா" என்றாள் அம்மா. "ஒங்கப்பாதான் வேணாம்ட்டாக."

பெட்டிக்காரர் வாடகை கேட்கவில்லை. ஐசுக்கு அறுநூற்று நாற்பது ஆனது. மாமா வீடு நீங்கலாக வீட்டுக்கு எண்பது என்று பிரித்தார்கள். அம்மா நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, மிச்சம் வாங்காமல் உள்ளே போனாள்.