அந்த மன்னிப்பு செல்லுமா?

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனரும் போதகருமான தங்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் நலம். உங்கள் தங்கை நலமில்லை. எங்களுக்குப் போதகராக வரச் சொல்லி எங்கள் லுத்தரன் சபை அனுப்பிய அழைப்பை ஒரு கையிலும், இப்போது ஊழியம் செய்யும் சபையின் அழைப்பை மறு கையிலும் வைத்துக்கொண்டு, தேவசித்தம் எதுவென்று இன்னும் ஜெபித்துக்கொண்டிருப்பதாக அறிந்தேன். நல்லது. அவசரமில்லை என்று எழுத ஆசைதான்.

நேற்று மதியம் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் கையை விரித்துவிட்டுப் போனார். "பாவ அறிக்கை பண்ணணும், போதகரைக் கூப்பிடுங்க" என்றாள். எந்தப் போதகரை? எங்கள் போதகர் வேறு சபைக்குப் போய்ப் பீடம் காலி. அடுத்த தெருப் போதகரும் லுத்தரன்தான், ஆனால் அவர் சேர்ந்த திருச்சபைச் சங்கத்துக்கும் நம் சங்கத்துக்கும் ஐக்கியம் இல்லை, அவர் நம் வாசற்படி மிதித்தாலே கூட்டம் போட்டுக் கண்டிப்பார்கள். சபைச் செயலாளரான எதிர் மருந்துக்கடைக்காரரிடம் ஓடினேன். "ஆபத்து நேரத்துல எந்த விசுவாசியும் மன்னிப்பு சொல்லலாம் சார். நீங்களே சொல்லுங்க" என்றார். ஆயுசு முழுக்க பஸ் பணிமனையில் பிரேக் பார்த்தவன் நான்! நல்ல சட்டை மாட்டிக்கொண்டு, ஜெபப் புத்தகத்தோடு கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் சொன்னாள், மச்சான். என்னவென்று எழுத மாட்டேன், பாவ அறிக்கையில் கேட்டதை ஊழியக்காரன் மறுபடி வாயில் எடுக்கக் கூடாதாம். கடவுளுக்கு விரோதமாகச் செய்தது கொஞ்சம், எனக்கு விரோதமாகச் செய்தது மிச்சம். எழுந்து கத்தியிருக்க வேண்டிய இடம். ஆனால் ஸ்டூலில் இருந்தது புருஷன் இல்லையே, ஊழியக்காரனாச்சே! பல்லைக் கடித்துக்கொண்டு, "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்று வாசித்து முடித்துவிட்டு, சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன்.

அதற்குள் கூடத்தில் பாதிச் சபை வந்துவிட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "செல்லாது! குருப்பட்டம் வாங்கினவங்க தலையில கை வச்சு அனுப்பாதவன் எப்படி மன்னிப்பு சொல்லுவான்? சபைச் செயலாளர் சொன்னாலே ஊழியம் வந்துடுமா?" என்றார். "கை வைக்கிறது வெறும் சடங்கு சார், சபையோட அழைப்புதான் தெய்வ அழைப்பு" என்று மருந்துக்கடைக்காரர் எகிறினார். உள்ளே அவள் இருமுவது ஒருத்தர் காதிலும் விழவில்லை. சண்டை போட்டுத் தொண்டை வறண்டதென்று டீ வேறு கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன், தலையெழுத்து.

என் சங்கடம் வேறு. செல்லும் என்றால், கேட்டவன் ஊழியக்காரன், கேட்டதை அவளிடம்கூட எடுக்கக் கூடாது, வயிறு எரிய எரிய வாயை மூடிக்கொண்டு மருந்து ஊட்ட வேண்டும். செல்லாது என்றால், கேட்டவன் புருஷன், "ஏண்டி இப்படிப் பண்ணினே?" என்று ஒரு வார்த்தையாவது கேட்கலாம். ஆனால் அவளுக்கு மன்னிப்பு இல்லாமல் போய்விடும். அவளுக்கு மன்னிப்பும் வேண்டும், மச்சான், எனக்குக் கோபப்படவும் வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுக்கிற உபதேசம் ஏதாவது இருந்தால் உடனே எழுதுங்கள். மருந்துக்கடைக்காரர் தம்பி இன்று உங்கள் ஊருக்கு பஸ் ஏறுகிறார், இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் வீட்டார் எல்லோருக்கும் சுகமும் சமாதானமும் உண்டாவதாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்
(ஊழியக்காரனா இல்லையா என்பது தங்கள் முடிவு)

பி.கு.: உறைக்குள் போடும்போது கூப்பிட்டாள். "கடவுள் மன்னிச்சிட்டாரு. நீங்க மன்னிச்சிட்டீங்களா?" என்றாள். "உங்க அண்ணனுக்கு எழுதியிருக்கேன், பதில் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒட்டுவதற்குப் பசை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது. பதில் எழுத வேண்டாம். அழைப்பை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அடக்கத்துக்கு வாருங்கள். 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மச்சான்.